பழுது எதுவும் தென்படவில்லை

லிஃப்ட்காரர் இருபத்திரண்டு வருஷமாக ஒரே வாக்கியத்தை எழுதிச் சம்பாதித்தவர். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாகப் போன் வரும். கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் போய்ச் சேர்வதற்குள் லிஃப்ட் தானாகவே மனம் திருந்தி, மேலும் கீழும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். நான்கு முறை ஏறி இறங்கிப் பார்ப்பார். பிறகு இயந்திர அறையில் ஆணியில் தொங்கும் பதிவேட்டை எடுத்து, "பழுது எதுவும் தென்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். குடியிருப்பவர்கள் முகத்தைச் சுளித்தால், "லிஃப்டுக்குள்ள யாராவது குதிச்சீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் எப்போதாவது ஒரு முறை லிஃப்டுக்குள் குதித்தவர்கள்தானே.

அப்படிப்பட்டவர் ஒரு சொகுசு ஹைப்ரிட் எஸ்யூவி வாங்கினார். புதிதல்ல, மூன்று வயதானது. விற்றவர் ஒரு பல் மருத்துவர். வெளிநாடு போவதால் விற்கிறேன் என்றார்.

வண்டியைப் பார்த்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பின்கதவுக்கு அடியில் காலை நீட்டினால் அது தானாகத் திறந்தது. முன் இருக்கை முதுகைப் பிடித்துவிட்டது. நடுவில் இருந்த பெரிய திரையில், பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கும் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கும் பச்சை அம்புகள் ஓடின. ஒன்றும் புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு, மின்சார மோட்டார் ஒண்ணு," என்று விளக்கினார் லிஃப்ட்காரர். "ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இழுத்துட்டுப் போயிரும். இது நடுரோட்டுல நிக்கவே நிக்காது."

"ரெண்டு இருந்தா ரெண்டும் கெட்டுப்போகுமே மாமா," என்றான் மச்சினன்.

மச்சினன் என்பவன் அவர் மனைவியின் தம்பி. பதினோரு வருஷமாக ஒரு சின்னக் கார் வைத்திருந்தான். அதற்கு வீட்டில் எலிப்பொறி என்று பெயர். அதன் கண்ணாடியை இறக்க ஸ்பேனர் வேண்டும். ஆனால் அது ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. இந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு மச்சினன் ஊரில் இருக்கும் எல்லா வண்டிகளுக்கும் மாமனார் மாதிரி நடந்துகொண்டான்.

வண்டி வாங்கிய காசில் சரிபாதி மனைவியுடையது. அவள் ஜன்னல் திரை தைக்கும் கடை வைத்திருந்தாள். தடித்த துணி தைக்கும் பெரிய தையல் மெஷின் ஒன்று வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தைத்தான் எடுத்துக் கொடுத்தாள். "மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். வண்டியில செலவு ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டாள். "வராது," என்றார் அவர். இந்த ஒரு சொல்லுக்காக அவர் பின்னால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மனைவிக்கு ஒரு குணம் உண்டு. வீட்டுக்கு எது வந்தாலும் உறை தைத்துவிடுவாள். டிவி ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, இஸ்திரிப்பெட்டிக்குக்கூட ஒன்று. "அக்கா உறை தைக்காம விட்டது எங்க அப்பாவுக்கு மட்டும்தான். அவரும் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்திருந்தா அளவெடுத்திருப்பா," என்பான் மச்சினன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் கடைசியாகச் சிரிக்கத் தொடங்கி முதலாவதாக நிறுத்திவிடுவாள்.

அந்த வெள்ளை நிறத் தோல் இருக்கைகளை அவள் சும்மா விடுவாளா? வண்டி வந்த முதல் வாரமே கடையில் மிஞ்சிய பஞ்சு வைத்த கெட்டித் துணியில் பின் இருக்கைக்கு ஓர் உறை தைத்துவிட்டாள். முதுகு, இருக்கை, இருக்கைக்குக் கீழே தரை வரை தொங்கும் மடிப்பு, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் பட்டை. அளவு ஒரு நூல் பிசகவில்லை. கம்பெனிக்காரன் பார்த்தால் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவான்.

நான்காவது வாரம், ஏரிக்குப் போகும் மேட்டுச் சாலையில், பின்னால் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்: "அப்பா, சீட்டுக்குள்ள யாரோ மூச்சு வாங்குறாங்க."

"பிரீமியம் வண்டிம்மா. அப்படித்தான் இருக்கும்."

"பிரீமியம் மூச்சா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் திரையில் பச்சை அம்புகள் மறைந்து ஓர் ஆமை வந்தது. மஞ்சள் நிறத்தில், பார்க்க நல்ல குணமுள்ள ஆமை போலத்தான் இருந்தது. அதன் கீழே "ஹைப்ரிட் அமைப்பில் கோளாறு. வேகம் குறைக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தது. எழுதியபடியே நடந்தது. எத்தனை மிதித்தாலும் வண்டி நடைப்பயிற்சி போகிறவர் வேகத்தைத் தாண்டவில்லை. உண்மையாகவே நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது வண்டியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டும் போனார்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். அது ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமாக இருந்தது. மீன் தொட்டி, காபி மெஷின், உட்கார்ந்தால் எழ முடியாத சோபா. கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞன் வந்தான். எதைச் சொன்னாலும் "கவலைப்படாதீங்க சார்" என்றான். அதனால் மகள் அவனுக்குக் கவலைப்படாதீங்க என்றே பெயர் வைத்துவிட்டாள்.

சாவியைக் கொடுக்கும் முன் மனைவி, "ஒரு நிமிஷம் இருங்க," என்று சொல்லிப் பின்கதவைத் திறந்து, பட்டைகளை கர்ர் கர்ர் என்று பிய்த்து, உறையைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். முன்னொரு தடவை பழைய காரின் உறையில் எவனோ மெக்கானிக் ஐந்து விரலும் பதியக் கிரீஸ் அப்பிவிட்டான். அந்தக் கை இன்னும் அவள் மனசிலிருந்து போகவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் முன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தருவது மாதிரி, வண்டி சர்வீஸுக்குப் போகும்போது உறை கழலும். திரும்பி வந்ததும் ஏறும். லிஃப்ட்காரருக்கு அது பழகிவிட்டது. பழகிப்போன எதையும் அவர் பார்ப்பதில்லை.

மாலையில் கவலைப்படாதீங்க ஒரு காகிதம் நீட்டினான். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பழுது எதுவும் தென்படவில்லை.

லிஃப்ட்காரர் அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தார். கையெழுத்து மட்டும்தான் அவருடையதில்லை.

"ஆமை வந்துச்சுங்க. நாங்க மூணு பேரும் பாத்தோம்."

"கவலைப்படாதீங்க சார். கம்ப்யூட்டர்ல பழைய பதிவா ஏதோ சூடுன்னு காட்டுது. ஆனா இப்ப நடப்புல ஒண்ணும் இல்ல. சார், நீங்க ஆக்சிலரேட்டரைத் திடீர் திடீர்னு மிதிப்பீங்களா?"

அது லிஃப்ட்காரருடைய கேள்விதான். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவே. மிதித்தோமா? எப்போதாவது மிதித்திருப்போமோ? அவர் பரிசோதனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

இரண்டு வாரத்தில் மறுபடியும் ஆமை. இந்த முறை உள்ளே ஏதோ சின்ன பேட்டரி ஒன்று பலவீனமாக இருப்பதாக மாற்றினார்கள். பெரிய பேட்டரியைத் தவிர இப்படி ஒரு சின்னது இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அதன் விலையும் அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது முறை ஒரு சென்சார். அது எங்கிருந்தோ கப்பலில் வர பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். பஸ்ஸில் ஆமை வரவில்லை. நான்காவது முறை பேட்டரியைக் குளிரவைக்கும் காற்றாடியைக் கழற்றிப் பார்த்தார்கள். அதைப் பார்த்தது ஒரு மெக்கானிக் அம்மாள். ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை ரப்பர் கையுறை, பேச்சு ரொம்பக் குறைவு.

"ஃபில்டர்ல ஒரு தூசி இல்ல சார். வண்டி கைமாறினப்ப புதுசா மாட்டினது. ஏழு மாசம் ஓடியும் இவ்ளோ சுத்தமா நான் பாத்ததே இல்ல," என்றாள்.

லிஃப்ட்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது இரண்டு தடவை சொன்னார். "வீட்டை எப்படி வெச்சிருக்கோமோ அப்படித்தானே வண்டியும்," என்று மனைவியும் மகிழ்ந்தாள். ஆமை ஏன் வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு முறையும் அதே கதை. கொடுத்தால் ஓடும், கொண்டுவந்தால் நிற்கும். வண்டிக்குத் தன் முகம் பிடிக்கவில்லையோ என்றுகூட லிஃப்ட்காரர் யோசித்தார். பெட்ரோல் பங்கை மாற்றினார். செருப்பை மாற்றினார். ஒரு வாரம் வலப்பக்கம் மட்டும் திரும்பி ஓட்டிப் பார்த்தார்; வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆனது, அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. இருபத்திரண்டு வருஷம் இயந்திரங்களோடு இருந்தவருக்கு, காரணமில்லாமல் ஒரு இயந்திரம் நிற்காது என்று நிச்சயமாகத் தெரியும். தெரிந்திருந்தும் பழுதே இல்லை என்றுதான் ஊர் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பதும் இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

கடைசியில் சந்தேகம் பல் மருத்துவர் மேல் போனது. வெளிநாடு போவதாகச் சொன்ன மனுஷன் அதே தெருவில் அதே நாற்காலியில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, லிஃப்ட்காரர் பல்வலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.

"நல்லா வாயைத் திறங்க. வண்டி எப்படி ஓடுது?"

"ஆ... ஆ..." என்றார் லிஃப்ட்காரர். ஆமை என்று சொல்லத்தான் முயன்றார்.

"என்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாதான் ஓடுச்சு," என்றார் மருத்துவர். "விக்கவே மனசில்ல. வெளிநாட்டு வேலைதான் கடைசி நேரத்துல இல்லைன்னு ஆயிடுச்சு. இங்க ஒரு ஓட்டை இருக்கே, அடைச்சிடலாமா?"

அடைத்துக்கொண்டு வந்தார். அந்தச் செலவையும் வண்டிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பது மச்சினனின் கருத்து.

இந்த நிலையில்தான் கவலைப்படாதீங்க ஒரு நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் முறையாகக் கவலைப்படும்படி ஒன்றைச் சொன்னான். பெரிய பேட்டரிக்கு உள்ள உத்தரவாதம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள் பழுது நடப்பில் இருக்கும்போதே கம்ப்யூட்டரில் பதிவானால் புதுப் பேட்டரி இலவசம். ஆறு மணிக்குப் பிறகு என்றால் சொந்தச் செலவு. எவ்வளவு என்று டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். அந்தத் தொகைக்கு எலிப்பொறி மாதிரி இரண்டு கார் வாங்கலாம். மனைவியின் மெஷின் அடுத்த வருஷமல்ல, இந்த ஜென்மத்திலேயே இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி திட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த சின்ன மெஷினை நிறுத்தி, ஊசியில் நூல் கோத்து, மறுபடியும் ஓட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

யோசனை சொன்னது மகள். "அப்பா, நீங்க எப்பவும் ஆமை போனப்புறம்தான வண்டியைக் கொண்டு போறீங்க? வெள்ளிக்கிழமை ஆமையோடவே போவோம். வழியில எஞ்சினை ஆஃப் பண்ணாம, அப்படியே உள்ள விட்டுருவோம். கையும் களவுமா பிடிச்ச மாதிரி."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேரும் கிளம்பினார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று மச்சினன் தானாகவே வந்து ஏறிக்கொண்டான். மேட்டுச் சாலையில் ஏறினார்கள், இறங்கினார்கள். ஆமை வரவில்லை. பச்சை அம்புகள் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடியும் ஏறினார்கள். வழியில் பிஸ்கட் வாங்கித் தின்றார்கள். வெயில் ஏறியது. மணி இரண்டு, மூன்று, மூன்றரை.

"கண்ணு, வந்துரு," என்றார் லிஃப்ட்காரர் திரையைப் பார்த்து.

"வண்டி கெட்டுப்போகணும்னு கெஞ்சுற ஒரே ஆளு நீங்கதான் மாமா," என்றான் மச்சினன். "என் எலிப்பொறியைக் குடுக்கட்டுமா? அதைக் கெடுக்கவே முடியாது, சும்மா முயற்சி பண்ணிப் பாருங்க."

"டேய், வாயை மூடிட்டு உக்காரு."

"ஏக்கா, என் வாய்க்கும் ஒரு உறை தைச்சுக் குடேன்."

"உன் அளவுக்குத் துணி பத்தாது," என்றாள் அக்கா.

நாலேகாலுக்கு மகள் கையைத் தூக்கினாள். "ஷ்ஷ். மூச்சு வாங்குது."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஆமாம், பின் இருக்கைக்குள்ளிருந்து மாடிப்படி ஏறியவர் மாதிரி ஒரு இரைப்பு. அம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நல்ல குணமுள்ள அந்த ஆமை வந்து நின்றது. நான்கு பேரும் கைதட்டினார்கள். மச்சினன்கூடத் தட்டினான்.

அங்கிருந்து சர்வீஸ் சென்டர் எட்டு கிலோமீட்டர். ஆமை வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பின்னால் நூறு வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு சைக்கிள்காரர் கூடவே வந்து கண்ணாடியைத் தட்டி, "தள்ளிவிடணுமா?" என்று அன்பாகக் கேட்டார். லிஃப்ட்காரர் எதற்கும் திரும்பவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தால் ஆமை போய்விடுமோ என்று பயம்.

ஐந்தரை மணிக்கு வாசலை அடைந்தார்கள். ஆமை இருந்தது. கவலைப்படாதீங்க கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, டேப்லெட் எடுக்க உள்ளே ஓடினான். லிஃப்ட்காரர் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பழுது ஒன்று அவர் கண்முன் ஓடாமல் ஒளியாமல் இருந்தது.

மச்சினன் சோர்ந்துபோய் இறங்கி, "நான் ஒரு காபி குடிச்சிட்டு வரேன்," என்று உள்ளே போனான். மகள் இறங்கிப் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் மனைவி.

கர்ர். கர்ர்.

உறையைக் கழற்றி, நான்காக மடித்து, கையில் எடுத்துக்கொண்டாள். கிரீஸ் கைகள் வரப்போகின்றனவே.

கவலைப்படாதீங்க டேப்லெட்டோடும், மெக்கானிக் அம்மாள் வயர் சுருளோடும் வருவதற்கு ஏழெட்டு நிமிஷம் ஆனது. மெக்கானிக் குனிந்து வயரைச் சொருகப் போனாள்.

"அப்பா," என்றாள் மகள். "மூச்சு சரியாயிடுச்சு."

இரைப்பு நின்று, மெல்லிய சீரான காற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் திரையைப் பார்த்தார். ஆமை ஒரு தடவை மினுக்கியது. பிறகு போய்விட்டது. பச்சை அம்புகள் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடத் தொடங்கின.

லிஃப்ட்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது.

மெக்கானிக் அம்மாள் மகளைப் பார்த்தாள். "எங்க பாப்பா மூச்சு வந்துச்சு?" மகள் இருக்கைக்குக் கீழே, தரையை ஒட்டிய ஓரத்தைக் காட்டினாள். அங்கே கை அகலத்துக்கு ஒரு சல்லடைத் துளை. மெக்கானிக் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அதன் முன்னால் வைத்தாள். பேட்டரிக்குப் போகும் காற்று உள்ளே இழுபட்டது. பிறகு நிமிர்ந்து, மனைவியின் கையிலிருந்த மடிப்பைப் பார்த்தாள்.

"அது எப்பவும் இங்கதான் இருக்குமா மேடம்?"

"ஆமா."

"சர்வீஸுக்கு வரப்ப?"

"கழட்டிருவேன். நீங்க..." மனைவி பாதியில் நிறுத்தினாள். மெக்கானிக்கின் கைகள் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சுத்தமாக இருந்தன.

எட்டு மாதம், நான்கு சர்வீஸ், ஒரு சின்ன பேட்டரி, ஒரு சென்சார், ஒரு பல். எல்லாம் லிஃப்ட்காரரின் தலைக்குள் வரிசையில்லாமல் வந்து முட்டிக்கொண்டன. காற்று வராத இடத்தில் தூசி எப்படி வரும்? இவ்ளோ சுத்தமா பாத்ததே இல்ல என்றாளே.

"அப்ப பேட்டரி கெட்டுப்போச்சாங்க?" என்று கேட்டார்.

"எட்டு மாசம் அப்பப்ப வெந்திருக்கு. உள்ள என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது சார். இன்னிக்கு நல்லா இருக்கு."

இன்னிக்கு நல்லா இருக்கு. அதையும் அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

கவலைப்படாதீங்க அவர் காதருகில் வந்தான். மணி ஐந்து நாற்பத்தைந்து. "கவலைப்படாதீங்க சார். அதை மறுபடியும் மாட்டி எஞ்சினை உறும விட்டா பத்து நிமிஷத்துல சூடாயிரும். பழுது நடப்புல வந்துரும். பதிவு பண்ணிட்டா புதுப் பேட்டரி. யாருக்கு நஷ்டம்? கம்பெனிக்குத்தான்."

லிஃப்ட்காரர் குழம்பினார். மாட்டினால் இரண்டு எலிப்பொறி காசு மிச்சம். மாட்டாவிட்டால் உள்ளே வெந்ததோ வேகாததோ தெரியாத ஒரு பேட்டரி, உத்தரவாதமில்லாமல், அவர் தலையில். உறையை வாங்கக் கையை நீட்டினார். மனைவி கொடுத்தாள். கொடுத்த விதம்தான் சரியில்லை. எதையும் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று நிற்பவள் மாதிரி கொடுத்தாள். அவள் கண் கண்ணாடிக் கதவுப் பக்கம் இருந்தது. உள்ளே மச்சினன் காபிக் கோப்பையோடு மீன் தொட்டிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு நிமிஷத்தில் வெளியே வருவான். வந்தால் போதும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே அவன் இன்னும் முப்பது வருஷம் சாப்பிடுவான்.

உறை கையில் கனமாக இருந்தது. உள்பக்கத் தையல்கூட வெளிப்பக்கம் மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. இத்தனை நாளில் அவர் இதைக் கையில் எடுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மெக்கானிக் அம்மாள் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "காரணம்னு நான் ஏதாவது எழுதணும் சார். காத்துத் துளையை உறை மூடியிருந்துச்சுன்னு எழுதட்டுமா, இல்ல தம்பி சொல்ற மாதிரி மறுபடியும் மாட்டிப் பாக்குறீங்களா?"

லிஃப்ட்காரர் உறையை மடிப்புக் கலையாமல் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வண்டியில என்ன பழுதுங்க இருக்கு?"

"வண்டியில ஒண்ணுமில்ல."

"அப்ப அதையே எழுதுங்க."

அவள் ஒரு கணம் அவரையும், மடிப்பை நெஞ்சோடு பிடித்திருந்த மனைவியையும் பார்த்தாள். எழுதினாள். பழுது எதுவும் தென்படவில்லை. லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தின் கீழே அவர் கையெழுத்து, வருஷக்கணக்கில் குடியிருந்த வீட்டுக்குத் திரும்பிய மாதிரி உட்கார்ந்தது. கவலைப்படாதீங்க முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது.

மச்சினன் வந்தான். "என்னாச்சு மாமா? ஆமையைப் பிடிச்சாங்களா?"

"இல்ல மாப்ள. ஒண்ணும் இல்லையாம்."

"இவ்ளோ தூரம் உருட்டிட்டு வந்தும் ஒண்ணுமில்லையா? நான் அப்பவே சொன்னேன், வண்டியில ஒண்ணுமில்ல, நீங்க ஓட்டுற விதம்தான் சரியில்லன்னு. திடீர் திடீர்னு மிதிக்கிறீங்க."

"இருக்கும்," என்றார் லிஃப்ட்காரர். மகள் எதையோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் உறை மனைவியின் மடியில் இருந்தது. மச்சினனை இறக்கிவிட்ட பிறகுதான் பேசினாள்.

"ஏங்க, பேட்டரி நல்லா இருக்கா?"

"இருக்காம்."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு."

வீடு வரை ஆமை வரவில்லை. வரவில்லையே என்று அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. எட்டு மாதம் கூடவே இருந்தது, சொல்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில் மனைவி பின் இருக்கையில் குனிந்து எதையோ பொருத்திக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். அதே உறை. தரையை ஒட்டி, துளை இருக்கும் இடத்தில் அளவாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தாள். நான்கு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்து, சாம்பல் நிறத்தில் கரையும் கட்டியிருந்தாள். அவருக்கு மனசு லேசானது. பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். அந்த ஜன்னலில் ஒரு குட்டித் திரை தொங்கியது.

"இது என்னம்மா?"

"திரை."

"அது தெரியுது. எதுக்கு?"

"ஜன்னல்னு ஒண்ணு இருந்தா திரை இல்லாம எப்படிங்க? மொட்டையா இருக்காதா?" அவள் நிமிர்ந்து, ஓரத்தில் தொங்கிய ஒரு சின்னக் கயிற்றைக் காட்டினாள். "வண்டி ஓடுறப்ப இதுல கட்டிக்கலாம். நிறுத்தினப்புறம் மூடிக்கலாம்."

லிஃப்ட்காரர் கயிற்றைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தினமும் அதைக் கட்டப்போவது யார், ஒரு நாள் மறந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முன்னால் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பச்சை அம்புகள் ஓடின. பின்னால் குட்டித் திரை ஒரு தடவை உள்பக்கமாக இழுபட்டு, படபடத்து, துளையில் ஒட்டிக்கொண்டது.

மகள் பின்னால் ஏறி, குனிந்து, திரையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினாள்.

"போலாம்பா," என்றாள்.